எண்ணுவதா, நிறுப்பதா, அளப்பதா?

சுங்கை செம்பிலாங்கில் வலைக்கு ஈயக்குண்டு வாங்குகிறவர், ஜெராம் பக்கம் நாலு ஏக்கர் செம்பனைக்கு உரம் இறக்குகிறவர், பெஸ்தாரி ஜெயாவில் கூரைத் தகடு மாற்ற ஸ்க்ரூ வாங்குகிறவர், கோயில் திருவிழாவுக்குத் தேங்காய் எடுக்கிறவர். இவர்கள் எல்லாருக்கும் கணக்கு தவறுவது பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான், சரக்கு வந்து இறங்கும்போது. லோரிக்காரருக்கு அடுத்த இடத்துக்குப் போக அவசரம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. டிஓ என்ற சரக்கு ஒப்படைப்புத் தாளை நீட்டுகிறார், நாமும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மூட்டையைப் பிரிக்கும்போது குறைவது தெரிந்து என்ன பயன்? சரியாகப் பெற்றுக்கொண்டதாக நாமே ஒப்பமிட்ட தாள் தவுக்கேயின் கடையில் இருக்கிறது.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மைதான். ஆனால் விலையில் நூற்றுக்கு ஐந்து குறைத்துவிட்டு, சரக்கில் நூற்றுக்கு ஐந்து குறைந்து வந்தால் அந்த மலிவு எங்கே போயிற்று? அதனால் சரிபார்க்கத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நிறுத்துப் பார்க்க வேண்டியதை உட்கார்ந்து எண்ணுகிறார்கள், எண்ண வேண்டியதைக் கண்ணால் மதிக்கிறார்கள். வழி மூன்றுதான்: எண்ணுவது, நிறுப்பது, அளப்பது. சரக்குக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வாங்கியது எடையா, எண்ணிக்கையா?

ஈயக்குண்டை எடுத்துக்கொள்வோம். கடையில் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு குண்டு 20 கிராம் என்று சொல்கிறார்கள், நீங்கள் 10 கிலோ வாங்குகிறீர்கள். மனக்கணக்கில் 500 குண்டு. வலையின் அடிக்கயிற்றில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று கோத்தால் 100 மீட்டருக்கு வரும். வீட்டில் கோத்துப் பார்த்தால் 90 மீட்டரைத் தாண்டியதும் குண்டு தீர்ந்துவிடுகிறது. தராசில் போட்டால் 10 கிலோவும் சரியாக இருந்திருக்கும். குண்டு ஒவ்வொன்றும் 20க்குப் பதில் 22 கிராம் இருந்தால் 10 கிலோவில் 454தான் வரும். அச்சில் ஊற்றும் ஈயத்தில் இந்த வித்தியாசம் சாதாரணம்.

இங்கே கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் எடையை விற்றார், எடையைக் கொடுத்தார். எண்ணிக்கை நம் மனத்தில் மட்டும் இருந்தது. ஆகவே பேரம் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: எனக்கு 500 குண்டு வேண்டும், அல்லது எனக்கு 10 கிலோ ஈயம் வேண்டும். ரசீதிலும் அதே அலகில் எழுதச் சொல்லுங்கள். 'ஒரு பை', 'ஒரு பெட்டி', 'ஒரு லோரி' என்று எழுதிய ரசீது பிறகு எதற்கும் உதவாது.

நிறுத்து எண்ணுவது

ஆணி, ஸ்க்ரூ, போல்ட், தூண்டில் முள் போன்ற சின்னச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இருநூறைத் தாண்டினால் மனம் அலையும். யாராவது கூப்பிட்டால் கணக்கு விட்டுப்போகும். இரண்டாம் முறை எண்ணினால் வேறு எண் வரும். இந்தச் சாமான்களுக்கு எடைதான் சரியான வழி. ஆனால் அதைச் செய்கிற விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராம் வரை காட்டும். 500 ஸ்க்ரூ என்று எழுதிய பெட்டி ஒன்று வந்திருக்கிறது. பத்தை எடுத்து நிறுக்கிறீர்கள், 69 கிராம் காட்டுகிறது. அப்படியானால் ஒன்று 6.9 கிராம். பெட்டியின் அட்டையைக் கழித்து மொத்தம் 3,450 கிராம். வகுத்தால் 500. சரியாக இருக்கிறதே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தராசு 69 காட்டினால் உண்மையான எடை 68.5 முதல் 69.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அதன்படி பெட்டியில் 496ம் இருக்கலாம், 503ம் இருக்கலாம். அந்தத் தராசால் பத்து ஸ்க்ரூவை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது.

இப்போது பத்துக்குப் பதில் நூறை எண்ணி வைத்து நிறுத்துப் பாருங்கள். 690 கிராம். அரை கிராம் தவறு இப்போது நூறு ஸ்க்ரூவின் மேல் பரவிவிடுகிறது. கணக்கு 499.6க்கும் 500.4க்கும் இடையில் வந்து நிற்கும், அதாவது 500. ஒன்று குறைந்தாலும் தெரியும். நூறை எண்ண இரண்டு நிமிடம் ஆகுமா? அந்த இரண்டு நிமிடம் மீதி நானூறை எண்ணும் வேலையை மிச்சப்படுத்துகிறது. மாதிரிக்கு எத்தனை எடுப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான்: மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, முடியாவிட்டால் குறைந்தது ஐம்பது.

பொருள் பொடிசாக இருந்தால் மாதிரியும் பெரிதாக வேண்டும். சின்னத் தூண்டில் முள் ஒன்று அரை கிராம்கூட இருக்காது. 1 கிராம் தராசில் பத்து முள்ளை வைத்தால் வரும் எண்ணை நம்பக்கூடாது. நகைக்கடையில் இருப்பதுபோல் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இப்போது இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அடிக்கடி வாங்குகிறவருக்கு அது தேவை.

நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று இந்த முறையில் இருக்கிறது. தராசு சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் தராசு எல்லாவற்றையும் நூற்றுக்கு மூன்று கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியையும் கூட்டிக் காட்டும், பெட்டியையும் கூட்டிக் காட்டும். ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது அந்தத் தவறு அடிபட்டுப் போகும். தராசு நிலையாக இருந்தால் போதும், வெறும் தட்டுக்குப் பூஜ்யம் காட்டினால் போதும். உரம், அரிசி, மீன் என்று எடையையே வாங்கும்போது கதை வேறு. அங்கே தராசு தப்பென்றால் எல்லாமே தப்பு.

இரண்டு எச்சரிக்கை. மாதிரியைப் பையின் மேலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. பெரியது மேலே, பொடி அடியில் என்று தானாகவே பிரிந்து நிற்கும். கொட்டிக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். இரண்டாவது, ஈயக்குண்டுபோல ஒன்றுக்கொன்று எடை மாறும் சாமானுக்கு இரண்டு தனி மாதிரி எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் கணக்கை நம்பலாம். நிறைய விலகினால் அந்தப் பையில் இரண்டு அளவு கலந்திருக்கிறது. அதை எண்ணத்தான் வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஈயத்தை நிறுத்து எண்ணும் பழக்கம் பழையது. வேட்டைத் துப்பாக்கியை '12 போர்' என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் அதன் குழலின் அளவு. அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது பெரிய பொழுதுபோக்கு. அங்கே சன்னத்தை எடையில் வாங்கி எண்ணிக்கையில் கணக்குப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஆறாம் எண் சன்னம் என்றால் ஆங்கிலேயர் கணக்கில் ஓர் அவுன்சுக்கு 270, அமெரிக்கர் கணக்கில் 225. ஒரே எண், ஒரே எடை, சன்னம் மட்டும் 45 குறைகிறது. ஆணி, முள், வலைக்கண் எதுவானாலும் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் இதே கதிதான். நம் நாட்டில் தோட்டா நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்கக்கூடாது. பன்றி, குரங்கு தொல்லைக்காக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு எண்ணிக்கை என்பது பணக் கணக்கு மட்டுமில்லை, சட்டக் கணக்கும்கூட. 25 கொண்ட பெட்டியை அவர் கடையிலேயே திறந்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்க வேண்டும். அங்கே எடைபோட்டு மதிப்பிடும் வேலையே கூடாது.

உர மூட்டை

இந்த வட்டாரத்தில் மொத்தச் சரக்கு என்றால் பெரும்பாலும் உரம்தான். நாட்டில் வணிக நோக்கில் முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் அமைந்தது. பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே போட்ட தோட்டம். அன்று முதல் இன்றுவரை உர மூட்டை தூக்காத தலைமுறை இங்கே இல்லை. பெரிய தோட்டங்களில் கிராணி, ஸ்டோர், பதிவேடு எல்லாம் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியே வந்து சொந்தமாக நாலைந்து ஏக்கர் வாங்கியவர்களுக்குக் கிராணி வேலையும் அவர்கள் தலையில்தான்.

40 மூட்டை வருகிறது, 2 டன். முதலில் மூட்டையை எண்ணுங்கள். லோரியில் அடுக்கியிருக்கும்போது எண்ணினால் நடுவில் உள்ள பள்ளம் தெரியாது. இறக்கும்போது எண்ணுவதே பாதுகாப்பு. ஐந்து ஐந்தாக அடுக்கச் சொன்னால் எட்டு அடுக்கு, யார் பார்த்தாலும் தெரியும். எண்ணும் ஆள் மூட்டை தூக்கக்கூடாது, தூக்கும் ஆள் எண்ணக்கூடாது.

பிறகு எடை. நாற்பதையும் நிறுக்கத் தேவையில்லை. லோரியின் முன்பக்கம், பின்பக்கம், அடி, நடு என்று வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து மூட்டையை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் எடுத்துக் கொடுக்கும் ஐந்து வேண்டாம். மூட்டையில் 'பெராட் பெர்சிஹ் 50 கிலோ' என்று அச்சிட்டிருந்தால் அது பை நீங்கலான எடை. எனவே ஒரு வெறும் பையையும் நிறுத்துக் கழிக்க வேண்டும்.

ஐந்து மூட்டையும் 50.2, 49.9, 50.1, 49.8, 50.3 என்று வருகிறது என்போம். சராசரி 50.06. பை 150 கிராம் என்றால் நிகரம் 49.91. நாற்பது மூட்டைக்கும் சேர்த்து 3.6 கிலோ குறைகிறது. இதற்குச் சண்டை வேண்டாம். உங்கள் தராசின் தவறே இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பொட்டலமிட்ட பொருளுக்கான அனைத்துலக அளவியல் பரிந்துரையும் 50 கிலோ மூட்டை ஒன்றில் 500 கிராம் வரை ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் அதே பரிந்துரை இன்னொன்றையும் சொல்கிறது: சராசரி குறையக்கூடாது, எந்தத் தனி மூட்டையும் அந்த எல்லையைப்போல் இரண்டு பங்குக்கு மேல், அதாவது 1 கிலோவுக்கு மேல், குறையக்கூடாது. ஐந்து மூட்டையும் 49ஐச் சுற்றியே நிற்கிறது என்றால் அது ஏற்ற இறக்கம் இல்லை. நாற்பது மூட்டையில் 40 கிலோ போய்விட்டது, கிட்டத்தட்ட ஒரு முழு மூட்டை. அப்போது எல்லாவற்றையும் நிறுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தையலையும் பாருங்கள். ஆலையில் தைத்த மூட்டையின் வாயில் ஊசித் துளை ஒரே வரிசையாக, சீராக ஓடும். பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளை நூல் இல்லாமல் தெரிந்தால் அந்த மூட்டை ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது. நூலின் நிறம் மற்ற மூட்டைகளிலிருந்து மாறியிருந்தாலும் சந்தேகப்படலாம். அந்த மூட்டைகளைத்தான் முதலில் தராசில் ஏற்ற வேண்டும்.

எடை சரியாக இருந்தும் குறைவாக வாங்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அம்மோனியம் சல்பேட்டில் 21. அதாவது 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ சத்து, 50 கிலோ சல்பேட் மூட்டையில் பத்தரை கிலோ. மூட்டை விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சல்பேட்டை வாங்கினால் சத்தில் பாதிக்கும் குறைவுதான் வீட்டுக்கு வருகிறது. மூட்டை விலையைச் சத்து எடையால் வகுத்துப் பாருங்கள். இதனால் யூரியாதான் எப்போதும் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. மழையில்லாத நாளில் மண்மேல் தூவிய யூரியாவில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றோடு போய்விடும், சல்பேட்டில் அந்த இழப்பு குறைவு. எதை வாங்குவது என்பது மண்ணும் மழையும் பார்த்து எடுக்கும் முடிவு. விலையை ஒப்பிடும்போது மட்டும் மூட்டையை மூட்டையோடு ஒப்பிடாதீர்கள்.

எந்தத் தராசு?

வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருந்தால் அதுவே தொடக்கத்துக்குப் போதும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை, கழித்தால் மூட்டை எடை. இரண்டு முறை நிறுப்பதால் தவறும் இரண்டு முறை சேரும், ஒரு மூட்டைக்கு 200 கிராம் முன்பின் வரலாம். முதுகு வலி தனி. கொக்கியில் தொங்கவிடும் மின்னணுத் தராசு 50 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். உர மூட்டைக்கு அதன் உச்ச எல்லையிலேயே வேலை வாங்குகிறோம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீன், தேங்காய், காய்கறி மூட்டைக்கு அது அருமையான சாமான். சந்தையில் தொங்கும் சுருள்வில் தராசு பழசாக ஆகச் சுருள் தளரும், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் அதில் எதையும் நிறுக்கக்கூடாது. வருடத்துக்கு மூன்று நாலு முறை உரம் இறக்குகிறவர், பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து 150 கிலோ மேடைத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு.

வீட்டுத் தராசை எப்படி நம்புவது? தண்ணீர் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் குடிநீர்ப் போத்தல் 12 கொண்ட கட்டு ஒன்றில் 18 கிலோ தண்ணீர், பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஏறக்குறைய பதினெட்டரை கிலோவுக்குள் நிற்க வேண்டும். தராசு 19 காட்டினால் அந்தத் தராசு யாருக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று கட்டை ஒன்றாக ஏற்றி மேல் எடையிலும் சோதித்துக்கொள்ளுங்கள்.

லோரியை ஏற்றி நிறுக்கும் எடைப்பாலம் பெரிய சுமைக்கு மட்டும்தான். பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோ படியில்தான் அது காட்டும். 10 டன் சரக்குக்கு 20 கிலோ ஒன்றுமில்லை. 20 மூட்டை உரத்தைச் சரிபார்க்க அங்கே போவது வீண். செம்பனைக் குலை விற்கிறவர்கள் எடைப்பாலத்தில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை நிறுப்பார்கள். இரண்டு முறையும் ஓட்டுநர் உள்ளே இருந்தாரா, வெளியே நின்றாரா? நடுவில் டீசல் நிரப்பினார்களா? 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. காலி எடையைப் புதிதாக நிறுக்காமல் பழைய எண்ணையே எழுதிக்கொள்ளும் இடங்களில் லோரியின் தளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரும் சேறும்கூடக் கணக்கைக் கெடுக்கும்.

அளப்பது கடைசி வழி

மணல், கல், மண் இவற்றை 'ஒரு லோரி' என்று வாங்குகிறோம். உலர்ந்த மணலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் மணி மணியாக விலகி உப்பிக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரம் இருக்கும்போது பருமன் நாலில் ஒரு பங்குவரை கூடலாம். லோரி நிறைந்து தெரியும், மணல் குறைவாக இருக்கும். சரி, எடையில் வாங்கலாம் என்றால் அப்போது தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். இரண்டில் எது மேல்? நனைந்த மணலை எடையில் வாங்குங்கள். ஈரத்தால் எடை கூடுவது நூற்றுக்கு ஐந்துதான், பருமன் ஏமாற்றுவது இருபத்தைந்து வரை. பருமனில்தான் தருவேன் என்றால் லோரியின் பெட்டியை நாடா வைத்து நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். நடுவில் குவித்து ஓரத்தில் சரிந்திருந்தால் மட்டப்படுத்தச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

எடையில் விற்கும் பொருளில் தண்ணீர் இருந்தால் வழக்கும் இருக்கும். ரப்பர் காலத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வாளிப் பாலைக் கொட்டி நிறுத்து, கிராணி ரப்பர் அளவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு எண்ணைப் படித்து எழுதுவார். பாலில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். காலை வெயிலில் சூடேறிய பாலுக்கும் குளிர்ந்த பாலுக்கும் அந்தக் கருவி வேறு வேறு எண் காட்டும். சரியான முறை வேறு: கொஞ்சம் பாலை எடுத்து உறையவைத்து, தகடாக்கி, உலர்த்தி நிறுப்பது. அதற்கு நாளாகும். வேகமான முறை, சரியான முறை இரண்டில் வேகமானதே தினமும் வென்றது, கூலியும் அதன்படியே எழுதப்பட்டது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு கூலிப் பேச்சு மேசைக்கு வந்தது. ஆனாலும் அன்றன்றைய வாளியின் கணக்கு ஸ்டோர் வாசலிலேயேதான் முடிந்தது.

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்களில் இதே வழக்கு 'போத்தோங்கான்' என்ற பெயரில் ஒவ்வோர் அறுவடைக்கும் வருகிறது. ஆலையில் ஈரத்துக்கும் பதருக்கும் எடை கழிப்பார்கள். ஈரத்துக்கு மட்டும் எவ்வளவு கழிப்பது நியாயம் என்று நாமே கணக்கிடலாம். 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 780 கிலோ. அதை 14 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் 780ஐ 0.86ஆல் வகுக்க, 907 கிலோ. ஆக ஈரத்தால் குறைவது ஒன்பதரை விழுக்காட்டுக்குள். அதற்குமேல் கழித்தால் அது பதர், கல், முற்றாத மணி என்ற கணக்கில் வருவது. அதைத் தனியாக எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மீனும் கெராங்கும் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: ஐஸைத் தட்டி, தண்ணீரை வடியவிட்டு, சேற்றை அலசிய பிறகு நிறுக்கச் சொல்லுங்கள்.

கையால் எண்ண வேண்டியவை

தேங்காய், வாழைக்குலை, எலுமிச்சை, சில்வர் பானை, நாற்காலி இவற்றைக் கையால்தான் எண்ண வேண்டும். ஒன்றுக்கொன்று எடை மாறும், விலையும் எண்ணிக்கையில்தான். வாழையிலைக் கட்டுக்கு இரண்டு மூன்று கட்டைப் பிரித்து எண்ணினால் மற்றவை எப்படி என்று தெரிந்துவிடும். காகிதத் தட்டு, குவளைப் பொட்டலங்களை மட்டும் ஒன்றை எண்ணி, மற்றவற்றை அதனோடு நிறுத்து ஒப்பிடலாம்.

குறைந்தால் என்ன செய்வது?

வீட்டுத் தராசில் குறைவது தெரிந்தால் அதை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அது துப்பு மட்டும்தான். 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தின்படி வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசு ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். முத்திரை ஒட்டிய தராசு ஒன்றில், விற்றவர் முன்னிலையில் மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். முத்திரையில் ஆண்டு பழையதாக இருந்தால் அதையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூட்டையைப் பிரிப்பதற்கு முன், தையலோடு, தராசின் எண்ணோடு படம் எடுப்பது நல்லது. பிரித்த பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

இறக்கும்போது நிறுக்க நேரமில்லை என்றால் டிஓவில் சும்மா கையெழுத்துப் போடாமல், '40 மூட்டை பெறப்பட்டது, எடை சரிபார்க்கப்படவில்லை' என்று கையால் எழுதி, நேரமும் போட்டு, அதன்கீழ் ஒப்பமிடுங்கள். மலாயில் எழுதினால் இன்னும் நல்லது, 'பெலும் டிதிம்பாங்' என்ற இரண்டு சொல் போதும். உங்கள் பிரதியிலும் அதே வரி இருக்க வேண்டும். ஓட்டுநர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

முத்திரை இல்லாத தராசு, அச்சிட்ட எடைக்குக் குறைவான மூட்டை இரண்டையும் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வீட்டுத் தேவைக்கு வாங்கிய பொருளென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உரம், மணல், ஸ்க்ரூ எதுவானாலும் தொழிலுக்காகவோ விற்பதற்காகவோ வாங்கியிருந்தால் அந்த மன்றத்தின் கதவு பெரும்பாலும் உங்களுக்குத் திறக்காது. அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம், அங்கே உச்சவரம்பு 5,000 ரிங்கிட்.